நிழலை அளந்த தையல்காரர்

மரத்துக்குச் சட்டை அளவு எடுத்த தையல்காரரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முக்கில் கடை வைத்திருந்தார். டேப்பண்ணாச்சி என்றுதான் சின்னவர் பெரியவர் எல்லோரும் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஏரல்காரர் என்பதற்கு மேல் நாங்களும் விசாரிக்கவில்லை, அவரும் சொன்னதில்லை.

கழுத்தில் இன்ச் டேப்பு இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று தெருவில் ஒரு விவாதமே நடந்தது. சொன்ன தேதிக்குத் துணி கொடுத்த சரித்திரமும் கிடையாது. பொங்கலுக்குக் கொடுத்த சட்டைத்துணி சித்திரை பிறந்த பிறகு வரும். ஆனால் போட்டுப் பார்த்தால் உடம்போடு பிறந்த மாதிரி இருக்கும். அதனால் வாய் நிறைய ஏசிவிட்டு அடுத்த துணியையும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்போம்.

அப்பேர்ப்பட்டவர் ஓர் ஐப்பசி மாதத்து நடுப்பகலில், எங்கள் எதிர்வீட்டு வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்து இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். கஞ்சி போட்ட சட்டை இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராதவர். அவர் வாசலில் நின்று, மரத்துக்குத் தீபாவளிக்குப் புதுச்சட்டையா என்று கேட்டார். அண்ணாச்சி திரும்பியே பார்க்காமல், "சட்டை ஏற்கெனவே பெருசு சார். ரோட்டுப் பக்கத்துக் கை ரெண்டையும் கொறைக்கணும்" என்றார். கை என்று அவர் சொன்னது, கரண்ட் கம்பிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கிளைகளை, எங்கள் பேச்சில் கொப்புகளை.

இந்தக் கூத்துக்குக் காரணம் எங்கள் வீட்டில் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா எஸ்தர், கல்யாணம் செய்துகொள்ளாதவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எங்களோடுதான் இருக்கிறாள். அந்த வருஷம் ஆவணியில் அவள் நுரையீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆக்சிஜன் மிஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. ராவும் பகலும் ஓடவேண்டும், மூக்கில் குழாய். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். அப்புறம் ஒரு சிலிண்டர், அது நாலு மணி நேரம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அக்காவின் ஜாக்கெட்டைக் கொடுக்க அண்ணாச்சி வந்த அன்றுதான் அந்த மிஷினைப் பார்த்தார். அது எப்படி ஓடுகிறது, நின்றால் என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னதை, அவருடைய அளவு நோட்டில் அக்காவின் தோள், மார்பு அளவுகளுக்குக் கீழே எழுதினார்: கரண்ட் இல்லாம ஆறு மணி நேரம். பிறகு, போன வருஷ மழைக்கு நம் தெருவில் எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று கேட்டார். ஒரு கொப்பு விழுந்து கம்பி அறுந்ததில் ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க இல்லை என்றேன். நோட்டை மூடினார். போய்விட்டார். அந்த வருஷம் ஐப்பசியிலேயே ஆரம்பித்ததுதான் மரங்களுக்கு அளவெடுப்பது.

கொப்புக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியவேண்டும். ஏணி போட்டு ஏறி அளக்க முடியாது, ஆள் கருகிவிடுவார். அதற்கு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். உச்சி வெயிலில் கம்பியின் நிழலும் கொப்பின் நிழலும் தார் ரோட்டில் விழுமல்லவா? நடுரோட்டில் முழங்கால் போட்டுக் குனிந்து, இந்த நிழலுக்கும் அந்த நிழலுக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்தார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தண்ணீர் லாரி நின்றது. "நெழலு நகந்துரும்வே, செத்த பொறும்" என்று லாரிக்காரரை அடக்கிவிட்டு, டெய்லர் சாக்பீஸால் மரத்தில் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் பயமில்லை. இரண்டு என்றால் அடுத்த வருஷம். மூன்று என்றால் மழைக்கு முன்னால் இறக்கியாகவேண்டும். ஒரு தூறல் விழுந்தால் சாக்பீஸ் அழிந்துபோகும், மறுநாள் மறுபடி வந்து போடுவார். நிழல் கணக்கு சரிப்பட்டு வருமா என்று நான் கேட்டதற்கு, நெழலு தொட்டா கொப்பு தொடும் என்று முடித்துவிட்டார்.

வெட்டுவதற்கு மட்டும் ஒருவரையும் விடமாட்டார். லைன்மேன் வந்து கரண்டை நிறுத்தின பிறகு, லைன்மேன் கையாலேதான் வெட்டவேண்டும். ஒரு வீட்டு மாப்பிள்ளை வீரத்தைக் காட்ட அரிவாளோடு புங்கமரத்தில் ஏறப் பார்த்தார். அண்ணாச்சி போய் அந்த மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை கெஞ்சினார், மாமனார் மிரட்டினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் மனுஷன் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அரிவாள் வீட்டுக்குள் போன பிறகுதான் கடைக்குப் போனார்.

லைன்மேன் பெயர் சுடலை. நல்ல பையன். ஆனால் அவன் ஒருவன் தலையில் எத்தனையோ தெரு. அண்ணாச்சியைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடுவான். அவனுடைய கெட்ட நேரம், காக்கி பேண்டுத் துணியை அண்ணாச்சியிடம் தைக்கக் கொடுத்திருந்தான். அவர் ஒரு காலை மட்டும் தைத்து, ஊரெல்லாம் பார்க்கிற மாதிரிக் கடை வாசலில் தொங்கவிட்டார். சுடலை வந்து கேட்டதற்கு, "ஒரு காலு ரெடி. இன்னொரு காலு கொப்ப வெட்டுன பொறவு" என்றார். இரண்டு நாள் அந்த ஒற்றைக்கால் பேண்டு காற்றில் ஆடியது. மூன்றாம் நாள் காலையில் சுடலை ஏணியோடு வந்து நின்றான்.

அந்த வருஷம் தெருவில் கரண்ட் நிற்கவில்லை. அதற்கடுத்த வருஷம் ஐப்பசியிலும் எல்லா மரங்களும் கை குறைத்து நின்றன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எங்கள் வீட்டுத் தூங்குமூஞ்சி மரம்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி கிறிஸ்தவ வீடுகள். டிசம்பர் பிறந்துவிட்டால் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் கட்டுவார்கள். எங்கள் வீட்டு நட்சத்திரம் தூங்குமூஞ்சியின் ரோட்டுக் கொப்பில்தான் ஏறும். மூங்கில் சிம்பில் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, கப்பி போட்டு ஏற்றுவோம். மூன்று தெரு தள்ளி நின்றாலும் தெரியும். முதல் வருஷம் அந்தக் கொப்புக்கு இரண்டு கோடுதான் விழுந்தது. இப்போது கம்பிக்கு மேலேயே வந்து படுத்துக்கொண்டது. நிழலுக்கு நிழல் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. அண்ணாச்சி மூன்று கோடு போட்டார், சாக்பீஸ் உடைகிற அளவுக்கு அழுத்தி.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வேறே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், நட்சத்திரக் கொப்பைத் தொடாதீர்கள் என்றாள். யாருடைய மூச்சுக்காக இத்தனை பாடும் படுகிறாரோ, அவளே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மறிக்கிறாள். அண்ணாச்சி நாலு நாள் நடையாய் நடந்தார். ஐந்தாம் நாள் ஒரு மூங்கில் கழியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து மொட்டை மாடியில் நட்டுக் காட்டினார். இதில் கட்டினால் மரத்தைவிட உயரம், நாலு தெரு தள்ளித் தெரியும் டீச்சர் என்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசின மனுஷன், கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்காக வெயிலில் கழி நட்டுக்கொண்டு நிற்கிறார். அக்காவால் மறுக்க முடியவில்லை. "சரி தம்பி, வெட்டிக்கிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலை நான் பார்த்துவிட்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

சுடலை வந்த அன்று அண்ணாச்சி ஊரில் இல்லை, ஏரலில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சுடலை ஏணியைச் சாத்திவிட்டு, லைனை நிறுத்தச் சொல்லட்டுமா சார் என்று என்னிடம் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதெல்லாம் நெஞ்சில் கிடந்தது. அடுத்த கிறிஸ்மஸுக்கு அக்கா இருப்பாளோ என்னவோ. இந்த ஒரு தடவை, அவள் பார்த்துப் பழகின இடத்திலேயே நட்சத்திரம் இருந்துவிட்டுப் போகட்டும், ஜனவரியில் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்குப் புத்தியையே மறைத்துவிட்டது.

அண்ணாச்சி ஏரலிலிருந்து திரும்பி, பையைக்கூட வைக்காமல் நேரே மரத்தடிக்கு வந்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பத்திரிகையில் எழுதி ஊரையே கிண்டல் பண்ணுகிறவன், ஒரு தையல்காரருக்குப் பயந்து திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறேன். அவர் கொப்பை அண்ணாந்து பார்த்தார். வீட்டைப் பார்த்தார். கூப்பிடவில்லை, ஏசவில்லை. போய்விட்டார். அதற்கப்புறம் பத்து நாளாக எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. கடைக்குள்ளிருந்து சுவரைக் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் கோபம் எனக்கு ஒருவகையில் சௌகரியமாகக்கூட இருந்தது.

டிசம்பர் பிறந்து நட்சத்திரம் ஏறிற்று. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள்.

கிறிஸ்மஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. ஒரு பகல் ஒரு ராத்திரி விடவே இல்லை. ஆற்றில் வெள்ளம், குளமெல்லாம் நிரம்பி மறுகால் போயிற்று. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. மடார் என்று ஒரு சத்தம். நட்சத்திரத்தோடு கொப்பு கீழே கிடந்தது. கம்பி அறுந்து ரோட்டுத் தண்ணீரில் விழுந்திருந்தது. வீட்டுக்குள் மிஷின் கூவென்று ஒரு அலறல் போட்டுவிட்டு இன்வெர்ட்டருக்கு மாறியது.

நான் வெளியே ஓடினேன். அண்ணாச்சி எனக்கு முன்னால் அங்கே நின்றார், கொட்டுகிற மழையில், தண்ணீர் தேங்கின இடத்துக்கு வெகுதூரம் தள்ளி. இரண்டு கையையும் விரித்துத் தெருவை மறித்துக்கொண்டு நின்றார். "ஒருத்தரும் கால வைக்கப்பிடாது. கம்பில உசிரு இருக்கோ இல்லியோ, அது சுடலை வந்து சொல்லணும்" என்றார். என்னைப் பார்த்து, "நீரு உள்ள போம்வே. டீச்சர் பக்கத்துல இரியும்" என்றார்.

சுடலை வர மத்தியானம் பன்னிரண்டு ஆயிற்று. ஊரெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, அவனை என்ன சொல்ல? அதற்குள் இன்வெர்ட்டர் நின்றுபோய், சிலிண்டரும் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் வண்டி இறங்கமுடியாதபடி மெயின் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். அக்கா சிலிண்டரில் அளவு காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். நான் செய்ததை அவளிடம் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

சுடலை நடுப் போஸ்டில் ஏறி எங்கள் பக்கத்து லைனை மட்டும் பிரித்துவிட்டான். ஒரு மணிக்குத் தெரு முக்குப் பக்கம் கரண்ட் வந்துவிட்டது. அங்கே ஒரு கொப்பும் விழவில்லை. எங்கள் பக்கம் வர எத்தனை நாளாகும் என்று தெரியாது என்றான். அண்ணாச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுடலையையும் ஹெட்மாஸ்டரையும் கூப்பிட்டு, அக்காவை நாற்காலியோடு தூக்கச் சொன்னார். நான் சிலிண்டரைச் சுமந்தேன், என் மனைவி குடை பிடித்தாள். மிஷினைத் தார்ப்பாயில் சுற்றி அண்ணாச்சி தோளில் வைத்துக்கொண்டார். போன இடம் அவருடைய கடை.

உள்ளே நுழைந்தோம். தைக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டிருந்தது. துவைத்த விரிப்பு, இரண்டு தலையணை. கட்டில் தலைமாட்டில் சுவரைக் கொத்தி, புதிதாக ஒரு பிளக் பாயிண்ட். மறைப்புக்குக் கிறிஸ்மஸுக்குத் தைக்க வந்த துணி ஒன்றையே திரைச்சீலையாகக் கட்டியிருந்தார். மிஷினைச் சொருகினதும் ஓட ஆரம்பித்தது. அக்காவின் உதட்டில் நீலம் போய்ப் பைய ரத்தச் சிவப்பு வந்தது.

இதெல்லாம் எப்போது செய்தீர்கள் என்று கேட்டேன். ஏரலிலிருந்து வந்த மறுநாள் ஆரம்பித்தேன் என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. பழைய கட்டிடம், பழைய வயர். அண்ணாச்சியின் பெரிய இஸ்திரிப் பெட்டியும் ஆக்சிஜன் மிஷினும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் தாங்காது என்று எலெக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அண்ணாச்சி இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சந்தேகத்துக்குத் தையல் மிஷினின் மோட்டாரையும் கழற்றிவிட்டார். தெரு முழுக்கக் கிறிஸ்மஸ் துணி குவிந்து கிடக்கிறது, மனுஷன் காலால் மிதித்துத் தைக்கிறார். முழங்கால் வீங்கி, வேஷ்டி நுனியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டார். அக்கா நாலு நாள் அங்கே இருந்தாள். நானும் என் மனைவியும் முறை வைத்துக் கூட இருந்தோம்.

இரண்டாம் நாள் அக்கா அவரைக் கூப்பிட்டாள். கொப்பைச் சுடலை மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். "மொதல்ல வேண்டாம்னு மறிச்சது நாந்தான தம்பி. அதுல நாள் தள்ளிப்போச்சு. ஒரு வார்த்தை ஏசிருங்க, எனக்கு மனசு ஆறும்" என்றாள்.

"ஏசுதேன் டீச்சர். நீங்க மூச்ச நல்லா இழுங்க, பொறவு நிம்மதியா ஏசுதேன்" என்றார். மிதிப்பதை நிறுத்தவில்லை.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. அக்கா தூங்கின பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுடலையைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று சொன்னேன். என் வயசுக்கு அப்படி அழுதிருக்கவேண்டியதில்லை, ஆனால் அழுதேன். இந்த ஒரு கிறிஸ்மஸ் மட்டும் என்று நினைத்துச் செய்ததையும் சொன்னேன்.

அவர் ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "தெரியும்வே. சுடலை அன்னைக்கே சொல்லிட்டான். எனக்கு ஒரு அக்கா இருந்திருந்தா, நானும் அந்தக் கொப்ப விடத்தான் சொல்லியிருப்பேன். அதான் ஒம்மட்ட ஒண்ணும் கேக்கல. கட்டில மட்டும் போட்டு வச்சேன்."

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் கரண்ட் வந்தது, அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி ஒரு துணி பாக்கியில்லாமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் சொன்ன தேதிக்குத் துணி கொடுத்தது அந்த ஒரு வருஷம்தான். ஆனால் ஒன்றுக்குமே இஸ்திரி போடவில்லை, போட நேரமும் இல்லை. எல்லாம் கசங்கிப்போய், சுருட்டி எடுத்த பாய் மாதிரி இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டாராம்.

வீட்டுக்கு வீடு இஸ்திரிப் பெட்டி உண்டு. மறுநாள் விடியற்காலை ஆராதனைக்குப் போக வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் கசங்கின புதுச்சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, என்னவே பாக்கீரு என்பது போலத் தலையை நிமிர்த்தினார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டம்மா, கசங்கின ஜாக்கெட்டில். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் அன்று இஸ்திரிப் பெட்டி சுடவில்லை. கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் உட்கார்ந்த வரிசையை மட்டும் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா இருக்கிறாள். டாக்டரின் கணக்கு, என் கணக்கு எல்லாவற்றையும் தாண்டி இருக்கிறாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் எனக்குத் தைத்த சட்டையை நான் விசேஷ நாளில் இன்னும் போடுகிறேன். துவைக்கக் கொடுப்பேன், காயப்போடுவேன். இஸ்திரிக்காரரிடம் மட்டும் இதுவரை கொடுத்ததில்லை.